ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் நர்சிங் சீட் கிடைத்தால் வேலையும் கிடைத்த மாதிரியா?

அக்கா, போன வாரம் அம்பையில் பீடிக்கட்டைக் கொடுத்துவிட்டு அதே கையோடு மகளையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்து கேட்டீர்கள்: "நர்ஸுக்கு ஆளே இல்லையாமே, இவளைச் சேத்துட்டா கவர்மெண்டு வேலை உறுதிதானே?" அன்றைக்குக் கூட்டம், அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

ஆள் தேவை என்பது உண்மை. மருத்துவத் துறைக்கு ஆள் எடுக்கவே 2012-இல் தமிழ்நாடு அரசு எம்.ஆர்.பி. என்ற தேர்வு வாரியத்தை அமைத்தது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள்; விருதுநகர் அதில் ஒன்று. கல்லூரி வந்தால் வார்டு பெருகும், வார்டுக்கு நர்ஸ் வேண்டும்.

ஆனால் ஆள் தேவை வேறு, நிரந்தர வேலை வேறு. எம்.ஆர்.பி. தேர்வு எழுதி 2015-இல் சேர்ந்த நர்ஸுகளுக்குக் கிடைத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், அதாவது நிரந்தரம் இல்லாதவர்களுக்குத் தரும் ஒரே தொகைச் சம்பளம். நிரந்தரம் கேட்டு 2017-இல் சென்னையில் மருத்துவத் துறைத் தலைமை அலுவலகமான டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு தொகுப்பூதியம் உயர்ந்தது, காலியிடம் வர வர நிரந்தரமும் ஆக்குகிறார்கள். வரிசைதான் நீளம். படிப்பு முடிந்ததும் சில வருடம் கையைக் கடிக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இறங்குங்கள்.

பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம், டிப்ளமோ 3 வருடம். எம்.ஆர்.பி.க்கு இரண்டும் செல்லும். சமாளிக்க முடிந்தால் பி.எஸ்சி. என்பேன், பின்னால் எம்.எஸ்சி. முடித்துப் பாடம் நடத்தப் போகலாம். இங்கே பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிளஸ் டூ மார்க்தான், நீட் கிடையாது. நீட் மார்க்கைப் பார்த்து அழுதவளிடம் இதை முதலில் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

அப்புறம் நர்சிங் சீட் வாங்கித் தருகிறேன் என்று உங்களிடம் வந்த அந்த ஏஜென்ட். "பெங்களூர்ல ஃபீஸே கம்மி" என்கிறாராம். இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில் என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாதியில் நின்ற ஒரு பிள்ளைக்கு அதைத் திரும்ப வாங்கித் தர நான் நடையாய் நடந்திருக்கிறேன்.

முதல் பட்டதாரிச் சான்றுக்கு இப்போதே இ-சேவையில் போட்டுவிட்டு, சனிக்கிழமை அவளையும் கூட்டி வாருங்கள். ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும் என்று அன்றைக்கு வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். உங்களிடம் சொல்லப் பயமாம். பலருக்கு அது பழகிவிடும். அவளுக்குப் பழகாது என்று தோன்றினால் எக்ஸ்ரே, ஸ்கேன் படிப்புகளைப் பற்றியும் பேசுவோம்.