ஆதித்த கரிகாலன் கொலையும் உடையார்குடிக் கல்வெட்டும்: கேள்வி பதில்

சார், கொன்றவர்கள் பெயர் கல்வெட்டிலேயே இருக்கிறதாமே?

இருக்கிறது. காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில், கரிகால சோழனை (சுந்தர சோழனின் மூத்த மகன், ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன்தான் இவர்) கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களைப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார்கள். ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று ஒரு சொல்கூடக் கிடையாது. அது கொலை விசாரணைப் பதிவு இல்லை, நிலப் பதிவு. துரோகிகளிடமும் அவர்கள் உறவினரிடமும் பறித்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் விலைக்கு வாங்கி அறத்துக்குக் கொடுத்ததைச் சொல்ல வந்த இடத்தில் கொலையும் வருகிறது. எதற்காக எழுதினார்கள் என்று பார்க்காமல் இதைப் படிக்கவே கூடாது.

அது ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு என்கிறார்களே, அவர் பெயர் அதில் இல்லையே ஐயா? காலத்தை எப்படிச் சொல்கிறீர்கள்?

நல்ல கேள்வி. ‘ராஜகேசரிவர்மர், யாண்டு 2’, அதாவது இரண்டாம் ஆட்சியாண்டு என்றுதான் இருக்கிறது. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் பரகேசரி, அதனால் அவர் இல்லை. சுந்தர சோழனும் ராஜகேசரிதான், ஆனால் அவருடைய இரண்டாம் ஆட்சியாண்டில் மகன் ஆதித்தன் உயிரோடு இருந்தான். மிஞ்சுவது ராஜராஜன். அவர் 985 நடுவில் பட்டத்துக்கு வந்ததை, மற்றக் கல்வெட்டுகளில் உள்ள கிழமை, நட்சத்திரக் குறிப்புகளைக் கணக்கிட்டுக் கண்டுபிடித்தார்கள். ஆக, இது 986–87.

இந்தக் கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு இருக்குமோ என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியே சந்தேகப்பட்டாரே?

ஆமாம், சந்தேகம்தான். இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. நானும் பண்டாரத்தார் பக்கம். ‘உத்தமன் தண்டிக்காமல் விட்டதால்தான் ராஜராஜன் தண்டித்தார்’ என்கிறார்கள். ஆனால் கல்வெட்டின் தேதியை வைத்து, தண்டனை அன்றுதான் தொடங்கியது என்று சொல்ல முடியாது. அதோடு, உத்தமனின் மகன் கண்டராதித்தன் ராஜராஜனிடமே உயர் பொறுப்பில் இருந்து கோயில் கணக்குகளை விசாரித்தவர். அண்ணனைக் கொல்லச் சதி செய்தவரின் மகனுக்கு அந்த இடம் கிடைத்திருக்குமா?

செப்பேடுகள் என்ன சொல்கின்றன?

ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, விண்ணுலகைக் காணும் ஆசையால் ஆதித்தன் மறைந்தான் என்கிறது. அரசவைக் கவி கொலையை மூடிவிட்டார், நிலப் பதிவு சொல்லிவிட்டது.

நேரில் பார்க்கலாமா?

தாராளமாக. ஆனால் எழுத்து தெரியட்டும் என்று மாவோ சுண்ணாம்போ தேய்க்காதீர்கள், கல் கெட்டுவிடும். பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே எழுத்து தெரியும்.