பாலிகிராப் படிப்புக்காக 22 பவுனை அடகு வைக்கலாமா?

கேள்வி: பல்லடம் பக்கத்தில் எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு ஓட்டுகிறேன். நல்ல மாதத்தில் செலவு போக 45,000 ரூபாய் நிற்கும். மகள் கோவையில் பி.எஸ்சி. சைக்காலஜி முடித்திருக்கிறாள். போலீஸ் கேஸ்களில் செய்யும் உண்மை கண்டறியும் சோதனை, அதாவது பாலிகிராப், அதில் எக்ஸாமினர் ஆக வேண்டும் என்கிறாள். ஒரு தனியார் நிறுவனம் மூன்று மாதச் சான்றிதழ் படிப்புக்கு 4.75 லட்சம் கேட்கிறது. பிறகு 7 லட்சத்துக்கு மெஷின் வாங்கித் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் பைனான்ஸ்காரர்களுக்கும் சோதனை செய்து கொடுத்தால் நல்ல வருமானம் என்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் சேர்ந்தால் பீஸில் சலுகையாம். கல்யாணத்துக்கு வைத்திருக்கும் 22 பவுனை அடகு வைக்கலாமா, பாதி கட்டியிருக்கும் 5 லட்சம் ஏலச்சீட்டை எடுக்கலாமா? அடகு என்றால் பேங்கிலா, தனியாரிடமா?

பதில்: ரெண்டும் வேண்டாமுங்க அண்ணா. அம்மணி ஆசைப்படும் வேலையில் குறை ஒன்றும் இல்லை. அதற்கு இவர்கள் காட்டும் வழியில்தான் எனக்குச் சந்தேகம்.

எந்தத் தொழிலுக்குக் கடன் வாங்கினாலும், முடிவில் காசு கொடுக்கப் போவது யார் என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் பாலிகிராப் பெரும்பாலும் குற்ற வழக்குகளில்தான் நடக்கிறது. செய்வது அரசுத் தடய அறிவியல் ஆய்வகங்கள். செல்வி எதிர் கர்நாடகா வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சம்மதம் இல்லாமல் யாருக்கும் இந்தச் சோதனை செய்யக் கூடாது, சம்மதித்துச் செய்தாலும் அதன் முடிவை மட்டும் சாட்சியமாக ஏற்க முடியாது. திருச்சி ராமஜெயம் கொலை வழக்கில் 2023-ல் சென்னையில் நடந்த சோதனையை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதற்கும் முதலில் நீதிமன்றத்தில் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது.

பனியன் கம்பெனிக் கணக்குக்கு வருவோம். தைத்த பனியன் காணாமல் போகிறது, நூல் கோன் குறைகிறது என்றால் முதலாளி கேமரா வைப்பார், செக்யூரிட்டியை மாற்றுவார். டெய்லர் கிடைப்பதே பாடாக இருக்கும் ஊரில், ஒருவர் கையில் பட்டையைக் கட்டி "நீ எடுத்தியா" என்று கேட்டால் மறுநாள் அவர் அடுத்த கம்பெனியில் உட்கார்ந்திருப்பார். சோதனைத் தாளை மட்டும் வைத்து ஆளை நீக்கினாலும் லேபர் கோர்ட்டில் அது நிற்பது கஷ்டம். பாலிகிராப் வளர்ந்த அமெரிக்காவிலேயே, பெரும்பாலான தனியார் முதலாளிகள் ஊழியர்களுக்கு இந்தச் சோதனை வைப்பதை 1988-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். உங்களுக்கு அந்த நிறுவனம் காட்டும் மாதிரி வாடிக்கையாளருக்கு அங்கேயே சட்டம் கதவைச் சாத்திவிட்டது.

இருந்தாலும் கணக்கைப் போட்டே பார்க்கலாம். படிப்பும் மெஷினும் சேர்த்து 11.75 லட்சம். 10 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 25,000 ரூபாய் தவணை. செலவு போக ஒரு சோதனைக்கு 3,000 நிற்கும் என்று வைத்துக்கொண்டாலும், தவணைக்கு மட்டும் மாதம் எட்டு ஒன்பது சோதனை வேண்டும். அதற்கு மேல்தான் அம்மணியின் சம்பளம். முதல் வருடம் எட்டு வராவிட்டால்? தறிக் கூலியில் இருந்துதான் கட்டுவீர்கள். மில்லும் தறியும் நின்றுபோகும் மாதங்களை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அந்தச் சான்றிதழ். வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பது போல, பாலிகிராப் எக்ஸாமினருக்கு லைசென்ஸ் தரும் அமைப்பு இந்தியாவில் இல்லை. "சர்வதேச அங்கீகாரம்" என்று நோட்டீஸில் போட்டிருந்தால், யாருடைய அங்கீகாரம் என்று கேளுங்கள். அமெரிக்கன் பாலிகிராப் அசோசியேஷன் என்ற சங்கம் அடிப்படைப் பயிற்சிக்கே குறைந்தது 400 மணி நேரம் வேண்டும் என்கிறது. தான் அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியலைத் தன் இணையதளத்தில் போட்டும் வைத்திருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று அம்மணியே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். வார இறுதியில் மட்டும் வகுப்பு என்றால் மூன்று மாதத்தில் அந்த 400 மணி நேரம் வரவே வராது. பெயர் இருந்தாலும் அது ஒரு சங்கத்தின் மதிப்புத்தான். இங்கே அரசு வேலைக்கு அதுவே தகுதி ஆகிவிடாது.

மெஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பொய்யைப் பிடிப்பதில்லை. மூச்சு, வியர்வை, ரத்த அழுத்தம் எப்படி மாறுகிறது என்று கோடு போடுகிறது, அவ்வளவுதான். பயந்தவனுக்கும் அதே கோடு வரலாம். சோதனைக்கு முன் பேசுவது, கேள்வியை அமைப்பது, கோட்டைப் படிப்பது, எல்லாமே உளவியல் தெரிந்த ஆளின் வேலை. அதனால்தான் இதை மூன்று மாதத்தில் கற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

சரி, வேறு என்ன வழி? தடய உளவியலில், அதாவது குற்ற விசாரணைக்கு உதவும் உளவியலில், முதுநிலைப் பட்டம். காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. அங்கே இந்தத் துறைக்குத் தனிப் படிப்பும் பாலிகிராப் ஆய்வகமும் இருக்கின்றன. வீட்டை விட்டு அவ்வளவு தூரம் அனுப்ப மனசு வராது என்றால், இங்கேயே எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டு மத்திய, மாநில ஆய்வகங்களின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மாநிலத் தடய அறிவியல் துறைக்குச் சென்னையில் தலைமை ஆய்வகமும் கோவையில் வட்டார ஆய்வகமும் உண்டு. காலியிடம் கொஞ்சம்தான் வரும், காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் பாலிகிராப் வேலையே கிடைக்காவிட்டாலும் முதுநிலைப் பட்டம் வீண் போகாது. பள்ளி, மருத்துவமனை, ஹெச்.ஆர். என்று கோவையிலேயே நாலு கதவு தட்டலாம். மூன்று மாதச் சான்றிதழைக் காட்டி எந்தக் கதவைத் தட்டுவது?

செலவுக்கும் இதுதான் சுலபம். பட்டப் படிப்பு என்றால் பேங்க் கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி போர்ட்டலில் விண்ணப்பிக்கலாம். 2024-ல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தின் பட்டியலில் அவள் சேரும் கல்லூரி இருந்தால் அடமானமும் ஜாமீனும் கேட்க மாட்டார்கள். குடும்ப வருமானம் வருடம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். உங்கள் வருமானம் அதற்குள் வரும் போலத்தான் தெரிகிறது. தனியார் குறுகிய காலச் சான்றிதழுக்கு இந்தக் கதவு திறக்காது. அதனால்தான் பேச்சு உங்கள் நகையில் வந்து நிற்கிறது.

சீட்டைத் தொடர்ந்து கட்டுங்கள். இப்போது அவசரப்பட்டு ஏலம் கேட்டால் கழிவிலேயே நல்ல தொகை போய்விடும். கடைசியில் எடுத்தால் அது தறி ரிப்பேருக்கும் கூலி வராத மாதங்களுக்கும் கைகொடுக்கும்.

சலுகைத் தேதிக்காக முன்பணம் ஏதும் கட்டிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டியிருந்தால் ரசீதையும் நோட்டீஸையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, வேலை உத்தரவாதத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் அனுப்புங்கள். வழிக்கு வராவிட்டால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

பேங்கா, தனியாரா என்ற கேள்வி இப்போதைக்கு எழவில்லை. என்றாவது நகையை வைத்தே ஆக வேண்டும் என்று வந்தால், பேங்கில் வையுங்கள்.