விலங்குக் கதை எழுதி படமும் தானே வரைஞ்ச எழுத்தாளர்கள்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சவர் யார், ஏன்?

பீட்டர் ராபிட்ன்ற முயல் கதைய எழுதின இங்கிலாந்துக்காரங்க பீட்ரிக்ஸ் பாட்டர். யோசிக்கவே வேணாம். (மந்திரக்கோல் வச்சிருக்கற பாட்டருக்கு இவங்க சொந்தம் இல்ல, யாராச்சும் கேப்பீங்கன்னு முன்னாடியே சொல்லிடறேன்.)

நீலக் கோட்டு போட்ட பீட்டர் ராபிட்ட நிறைய பேரு பொம்மையாவோ பெட்ஷீட்லயோதான் பாத்திருப்பாங்க, கதைய படிச்சிருக்க மாட்டாங்க. படிச்சா தெரியும், அது ஒண்ணும் கொஞ்சல் கதை கிடையாது. ஆரம்பத்துலயே அம்மா முயல் பிள்ளைங்ககிட்ட சொல்லுது, மெக்ரெகர்ன்றவர் தோட்டத்துப் பக்கம் மட்டும் போயிடாதீங்க, உங்கப்பா அங்க போய் மாட்டித்தான் மெக்ரெகர் வீட்டம்மா அவர மாவுக்குள்ள வச்சு சுட்டுட்டாங்கன்னு. அவ்ளோதான். ஒப்பாரி எல்லாம் இல்ல, சேட்டை பண்ணாம இருங்கன்னுட்டு கூடைய எடுத்துட்டு கடைக்குக் கிளம்பிடுது.

பீட்டர் வழக்கம்போல அங்கதான் போகுது, மாட்டுது, ஓடுது. இந்த ஓட்டத்ததான் கவனிக்கணும். ஒரு ஷூ முட்டைக்கோஸ் பாத்தில கழண்டு விழுது, இன்னொண்ணு உருளைக்கிழங்கு நடுவுல. ஷூ போனதும் நாலு கால்ல ஓட ஆரம்பிக்குது, ஸ்பீடும் கூடிடுது. அப்புறம் செடி மேல போட்ட வலைல கோட்டு பட்டன் சிக்கிக்குது, அந்தப் புதுக் கோட்டையே உதறிட்டுதான் உயிர் தப்புது. துணி போகப் போக பையன் மாதிரி இருந்தது அசல் முயலா மாறிட்டே வருது. ஆனா பூட்டின கதவு பக்கத்துல வழி தெரியாம நின்னு அழறப்போ மட்டும், கோட்டு இல்லாமயே ரெண்டு கால்ல நிமிந்து நின்னு, கைய வாய்கிட்ட வச்சுக்கிட்டு, மறுபடி பையன். இதுக்கெல்லாம் ஒரு வரி விளக்கம் எழுதல பாருங்க, படமே பாத்துக்குது.

இப்படி வரையறதுக்கு முயல எலும்பு வரைக்கும் தெரிஞ்சிருக்கணும், இவங்களுக்கு நெஜமாவே தெரியும். 1866ல லண்டன்ல வசதியான குடும்பத்துல பொறந்தவங்க, ஸ்கூலுக்கே அனுப்பல, வீட்டுலயே டீச்சர் வச்சுதான் படிப்பு. இவங்களும் தம்பியும் முயல், எலி, முள்ளெலி, வௌவால், தவளைன்னு கைக்குக் கிடைச்சதெல்லாம் வளத்திருக்காங்க, செத்தத வேகவச்சு எலும்புக்கூட எடுத்து அதையும் வரைஞ்சிருக்காங்க. பெஞ்சமின்னு ஒரு முயலுக்கு வார் கட்டி வாக்கிங் கூட்டிட்டுப் போவாங்களாம்.

காளான் ஆராய்ச்சி வேற. 1897ல லின்னேயன் சொசைட்டின்ற லண்டன் இயற்கை ஆராய்ச்சி சங்கத்துல இவங்க கட்டுரைய ஒரு ஆம்பளைதான் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்துச்சு, பொம்பளைங்களுக்கு உள்ளயே அனுமதி கிடையாது. சரியா 100 வருஷம் கழிச்சு 1997ல மன்னிப்பு கேட்டாங்க, அப்போ இவங்க செத்தே 54 வருஷம் ஆச்சு. என்னத்த சொல்ல.

பீட்டர் கதை மொதல்ல 1893ல, உடம்பு சரியில்லாம படுத்திருந்த ஒரு அஞ்சு வயசுப் பையனுக்கு எழுதின படம் போட்ட லெட்டர்தான், பையன் இவங்களோட பழைய டீச்சர் மகன். பின்னாடி அத புக்கா போடலாம்னு பாத்தா பதிப்பாளருங்க யாரும் ஒத்துக்கல. குட்டிக் கைல பிடிக்கற மாதிரி குட்டி சைஸ்ல, கம்மி விலைலதான் வரணும்னு இவங்களுக்குப் பிடிவாதம். 1901 டிசம்பர்ல சொந்தக் காசுல 250 காப்பி அடிச்சாங்க, அடுத்த வருஷமே வார்ன்ற பதிப்பகக் கம்பெனி கலர்ல போட்டுச்சு. 1903ல முயல் பொம்மைய தானே தச்சு பேடன்ட்டும் பதிவு பண்ணி வச்சுட்டாங்க, சாதாரண ஆள் இல்ல.

அந்தக் கம்பெனி நார்மன் வார்னையே கட்டிக்கறதா 1905ல முடிவாச்சு. வியாபாரக் குடும்பம்னு பெத்தவங்களுக்குப் பிடிக்கல, இவங்க தாத்தா சம்பாதிச்சதே துணி வியாபாரத்துலன்றத மறந்துட்டாங்க போல. ஒரு மாசத்துல நார்மன் செத்துப்போனாரு. அதே வருஷம் லேக் டிஸ்ட்ரிக்ட்ன்ற வட இங்கிலாந்து மலை ஏரிப் பகுதில ஹில் டாப்னு ஒரு பண்ணைய வாங்கினாங்க, அப்புறம் 1913ல ஹீலிஸ்னு ஒரு வக்கீலக் கல்யாணம் பண்ணிட்டு முழுசா விவசாயி ஆயிட்டாங்க. ஹெர்ட்விக்னு அந்த ஊரு மலை ஆட்ட வளக்கறதுதான் பெரிய வேலை. 1943ல சாகறப்போ 4,000 ஏக்கருக்கு மேல நேஷனல் டிரஸ்ட்ன்ற, நிலத்தையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கற அமைப்புக்கு எழுதி வச்சுட்டுப் போனாங்க, அங்க ரிசார்ட்டா முளைக்காம மலையும் பண்ணையுமா இருக்கறதுல இவங்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

கல்யாணத்துக்கு அப்புறம் வந்த புக்ஸ் எனக்கு அவ்ளோ பிடிக்கல, கண்ணும் மங்கிடுச்சு, மனசும் ஆட்டு மேலதான் இருந்துச்சு.

பழைய கதைங்க காப்பிரைட் முடிஞ்சு படத்தோடவே கூட்டன்பர்க் சைட்ல ஃப்ரீயா கிடைக்குது. குழந்தைங்களுக்கு பீட்டருக்கு அடுத்து ஜெமைமான்ற வாத்து கதைய படிச்சுக் காட்டுங்க. ஒரு நரி நைசா பேசி, அவள ரோஸ்ட் பண்றதுக்கு வேண்டிய வெங்காயம், தழை எல்லாத்தையும் அவளையே பறிச்சுட்டு வரச் சொல்லும், அவளும் கொண்டு வந்து குடுப்பா. வாத்துக்கு முன்னாடி குழந்தைங்க கண்டுபிடிச்சுடுவாங்க. காப்பாத்த வர்ற நாய்க்குட்டிங்களே கடைசில அவ முட்டையெல்லாம் தின்னுடும், அந்தப் பக்கத்துல கேள்வி நிறைய வரும், ரெடியா இருங்க.