கோடைக் கடைசியில் ஒரு காட்டுவழி நடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோடை முடியும் நேரத்தில் வயல்வெளிப் பக்கம் நடந்தால் காய்ந்த புல்தான் கண்ணில் படுகிறது. காட்டுப்பூக்களைப் பார்க்க எப்போது போக வேண்டும்?

பதில்: பூவுக்குப் பூ நேரம் மாறும். நெருஞ்சி காலையில் விரியும். அதன் ஐந்து மஞ்சள் இதழ்களையும் வெயில் ஏறுமுன் பார்த்துவிடுங்கள். துத்தி மதியம் சாய்ந்த பிறகுதான் விரியும். காலையில் அதன் மொட்டைப் பார்த்துவிட்டு, பூக்கவே இல்லை என்று திரும்புகிறவர்கள் நிறைய. அதே பாதையில் மாலை 5 மணிக்கு இன்னொரு முறை போய் வாருங்கள்.

கேள்வி: பட்டாம்பூச்சி ஓரிடத்தில் நிற்பதே இல்லையே, எப்படி அருகில் பார்ப்பது?

பதில்: துரத்தாதீர்கள். எருக்கஞ்செடி ஒன்றைத் தேடி, உங்கள் நிழல் அதன்மேல் விழாதபடி நான்கடி தள்ளி நில்லுங்கள். பத்து நிமிடமாவது அசையக் கூடாது. வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி வந்தால், வயிற்றை வளைத்து இலையில் ஒவ்வொரு முட்டையாக ஒட்டுவதைக் காணலாம். முட்டை பெரும்பாலும் இலையின் அடிப்பக்கம் இருக்கும். இலையை மெல்லத் திருப்புங்கள், கிள்ள வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு இருந்தால் அதன் முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகளை எண்ணிப் பாருங்கள். இவ்வளவு பளிச்சென்று இருந்தும் அது ஒளிவதில்லை. எருக்கின் நஞ்சு அதன் உடலிலும் சேர்வதால் பறவைகள் ஒதுங்கிவிடும்.

கேள்வி: பத்து மடங்கு கைலென்ஸில் எல்லாம் மங்கலாகவே தெரிகிறது.

பதில்: லென்ஸைப் பூவோடு ஒட்டிப் பிடித்திருப்பீர்கள். கண்ணோடு ஒட்டிப் பிடித்து, குனிந்து பூவை நெருங்குங்கள். சுமார் இரண்டரை சென்டிமீட்டரில் துலங்கும். முதலில் வெட்டுக்காயப் பூண்டைப் பாருங்கள். ஒரே பூ என்று நினைத்தது பல சிறு பூக்களின் கொத்து!

கேள்வி: நடக்கும்போது ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றுகிறது. ஏன்?

பதில்: முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது. வெறுந்தரையில், கூழாங்கல்லோடு கலந்து தெரியும் புள்ளி முட்டைகள், பெரும்பாலும் நான்கு. தேடாதீர்கள். கொளுத்தும் வெயிலில் அது முட்டைமேல் உட்காருவது நிழல் தரத்தான்; வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்தும் குளிர்விக்கும். நீங்கள் படம் எடுக்க நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வேகிறது. தரையைப் பார்த்தபடி, வந்த தடத்திலேயே உடனே திரும்பிவிடுங்கள்.