எஃப்.ஐ.ஆர். கேட்டால் ரசீது தருகிறார்கள்: வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போலீஸ் ஸ்டேஷன் சமாச்சாரம்தான். நான்கை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று நான்கு பேருமே கேட்டிருக்கிறார்கள், போடவில்லை.

என் தம்பி காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறான். குடோனில் இருந்த மிளகு மூட்டைகள் காணாமல் போய்விட்டன. மூன்று நாளாக போன் போட்டுக் கூப்பிடுகிறார்கள், காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் விடுகிறார்கள். கேட்டால் கைது இல்லை, சும்மா விசாரணை என்கிறார்கள். முதலாளி வீட்டுப் பையனை ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். நாங்கள் மலையாளி சாதி, மலைவாழ் பழங்குடி, கேட்க ஆளில்லை என்றுதானே இப்படி?
(சேர்வராயன் மலையிலிருந்து ஒரு அக்கா)

‘சும்மா விசாரணை’ என்று சட்டத்தில் எதுவும் கிடையாது, அம்மா. சாட்சியாகக் கூப்பிட்டாலும் சரி, சந்தேகப்பட்டுக் கூப்பிட்டாலும் சரி, எழுத்தில் தர வேண்டும். சந்தேகம் என்றால் பி.என்.எஸ்.எஸ். 35-வது பிரிவு நோட்டீஸ். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கிறதே, அந்தச் சட்டம். பழையதில் இதற்கு 41ஏ என்று பெயர், ஸ்டேஷனில் இன்னமும் அப்படிச் சொன்னால்தான் சட்டென்று புரிகிறது. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால்கூடச் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, வெறும் போன் எம்மாத்திரம்? ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யாதே, கைது வேண்டும் என்றால் ஏன் வேண்டும் என்று எழுதி வை என்பது 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் வந்த தீர்ப்பு. குடோன் திருட்டு அந்த ஏழு ஆண்டுக்குள்தான் வரும்.

நாளைக்கும் போன் வந்தால் தம்பி போகட்டும். போகாமல் இருந்து ‘தலைமறைவு’ என்று எழுத நாமே இடம் கொடுக்க வேண்டாம். ஆனால் தனியாகப் போக வேண்டாம். "நோட்டீஸ் கொடுங்க சார், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன்" என்று மரியாதையாகக் கேட்கட்டும், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், பேசிய அதிகாரி யார் என்பதை எல்லாம் நீங்கள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ராத்திரி வீட்டுக்கு விடவில்லை என்றால் அதற்குப் பெயர் கைதுதான், அவர்கள் என்ன பெயர் வைத்தாலும். அப்போது கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் குடும்பத்தாரோ ஊரில் தெரிந்த ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் (டி.கே. பாசு வழக்கு, 1996), 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, கேமரா. 2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட தந்தையும் மகனும் செத்தபோது, அந்த ஸ்டேஷன் கேமராப் பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்தது என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் எழுதினார். அதே வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. ஆகவே அந்த மூன்று நாள் பதிவையும் பத்திரப்படுத்தும்படி இன்றைக்கே மனு எழுதி மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்புங்கள். மலை அவர் எல்லை, சேலம் கமிஷனருக்கு அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும். வக்கீலுக்குக் காசு இல்லையே என்று யோசிக்காதீர்கள். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100-க்கு போன் செய்யுங்கள், இல்லையென்றால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள்.

சாதி பற்றிக் கேட்டீர்கள். முதலாளி பையனுக்கு ஒரு மணி நேரம், தோட்ட வேலைக்காரனுக்கு மூன்று நாள் என்ற கணக்கை நான் இருபது வருடமாகப் பார்த்துவருகிறேன். சில சாதிகளைப் பிறவித் திருடர் என்று எழுதிவைத்த, 1871-ல் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-லேயே போய்விட்டது. முதலில் ஏழையைக் கூப்பிடுகிற பழக்கம் மட்டும் அதோடு போகவில்லை.

பஸ்ஸில் என் கைப்பை போய்விட்டது, உள்ளே இரண்டு பவுன் செயின். இறங்கின இடத்து ஸ்டேஷனில் "எங்க எல்லை இல்ல" என்றார்கள். அடுத்ததில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இது போதுமா?
(செவ்வாய்ப்பேட்டை வாசகி)

போதாது. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான், அதை வைத்துக்கொண்டு யாரும் திருடனைத் தேட மாட்டார்கள். செயின் திருட்டு போலீஸ் தானாகவே நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம், அப்படிப்பட்ட புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து சொன்னார்கள். எல்லைக் கதையும் இனி செல்லாது. குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் பதியலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள், புதுச் சட்டம் 173-வது பிரிவில் எழுத்திலேயே இருக்கிறது. நகல் உங்களுக்கு இலவசம். மறுத்தால் அதே புகாரைத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்புங்கள், நீங்கள் நகரத்துக்குள் என்பதால் கமிஷனர் அலுவலகம். அங்கேயும் ஒன்றும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு. ஸ்பீட் போஸ்ட் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், கோர்ட்டில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

சாட்சி சொன்னேன். எழுதிக்கொண்டு, கீழே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
(அம்மாப்பேட்டை)

போடாதீர்கள். போலீஸ் விசாரணையில் சாட்சி சொல்வதை எழுதிக்கொள்ளலாம், அதில் கையெழுத்து வாங்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. வெற்றுத்தாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

செயின் பறித்தவன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டோடு நிற்கிற போட்டோவைப் பார்த்தால் எனக்கு மனசு குளிர்கிறது. கோர்ட், வாய்தா என்று பத்து வருடம் அலைவதைவிட இதுதான் நியாயம் என்று தோன்றுகிறது. தப்பா?
(கொண்டலாம்பட்டி வாசகர்)

உங்கள் கோபம் புரிகிறது. எங்கள் தெருவிலும் செயின் போயிருக்கிறது. ஆனால் ஸ்டேஷன் பாத்ரூம் மட்டும் ஏன் இவ்வளவு வழுக்குகிறது என்று உங்களுக்கு ஒருநாளும் தோன்றவில்லையா? அடி வாங்கினவன் என்ன சொன்னாலும், போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. 1872-ல் வெள்ளைக்காரன் எழுதிய சாட்சியச் சட்டத்திலேயே அப்படித்தான், இன்றைய புதுச் சாட்சியச் சட்டத்திலும் மாறவில்லை. தன் போலீஸ் எப்படி வேலை செய்கிறது என்று வெள்ளைக்காரனுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது போல. அடியோடு வேலை முடிந்தது என்று கைரேகை, கேமராப் பதிவு, அடகுக்கடை ரசீது எதையும் தேடாமல் விட்டால் வழக்கு நிற்காது, உங்கள் செயினை எடுத்தவன் வேறு ஆளாக இருந்தால் அவன் இந்நேரம் அடுத்த தெருவில் இருப்பான்.

அஸ்தம்பட்டி பக்கம் போகும்போது சேலம் மத்தியச் சிறையின் மதிலைப் பார்த்திருப்பீர்கள். 1950 பிப்ரவரி 11 அன்று அந்தச் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். அரசியல் சாசனம் அமலுக்கு வந்து அன்றைக்குப் பதினாறே நாள். அடைபட்டிருப்பவன் கெட்டவன்தானே, என்ன செய்தால் என்ன என்று அன்றைக்கும் நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள்.

ஒரு பின்குறிப்பு. போன இதழைப் படித்துவிட்டு ஒரு கான்ஸ்டபிளின் மனைவி, நான் போலீஸைத் திட்டிக்கொண்டே இருப்பதாக வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். நியாயமான வருத்தம். வார ஓய்வுக்கு 2021-ல் அரசாணை வந்தும் தன் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்கிறார். வழக்கு விசாரிக்கும் போலீஸையும் பந்தோபஸ்து போலீஸையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்று 2006-லேயே பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் பகலெல்லாம் நின்ற அதே ஆள்தான் ராத்திரி வந்து கேஸ் டைரி எழுதுகிறார், அது எப்படி இருக்கும் என்று நான் கோர்ட்டில் படிக்கிறேனே. அந்தச் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள்: சி.எஸ்.ஆரோடு நிறுத்து, எஃப்.ஐ.ஆர். போடாதே என்று மேலிருந்து யார் சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். ஊர், பெயர் எதுவும் இல்லாமல் அடுத்த இதழில் முதல் கடிதமாகப் போடுகிறேன்.