ஒரு நாட்டாமை, 90 படங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். பகலில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை, இரவில் சொந்தமாக ஒரு கேம் செய்கிறேன். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை ஒருவர்தான் நாயகன். கோடிங் ஓரளவு முடிந்துவிட்டது, ஆனால் எனக்கு வரைய வராது. கையில் 3 இலட்சம் ரூபாய் இருக்கிறது. ஃப்ரீலான்ஸ் ஓவியரை எப்படிப் பிடிப்பது, எதற்கு எவ்வளவு ஒதுக்குவது? இலாபத்தில் பங்கு தருவதாகச் சொல்லி வரைவித்துக்கொள் என்கிறான் நண்பன்.

பதில்: தம்பி, நண்பன் சொன்னதை முதலில் தள்ளி வையுங்கள். இன்னும் வராத இலாபத்தைக் காட்டி ஒருவரின் மூன்று மாத இரவுகளைக் கேட்பது சரியில்லை. அதோடு, காசு கொடுத்தால்தான் "இதைக் கொஞ்சம் திருத்தித் தாங்கோ" என்று கூசாமல் கேட்க முடியும்.

ஓவியரிடம் போய் "ஒரு ஆளை வரைய எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். கேமில் ஒரு ஆள் என்பது ஒரு படம் இல்லை. உங்கள் நாட்டாமையையே எடுப்போம். ஒவ்வொரு அசைவுக்கும் அடுத்தடுத்து ஓடும் பல படங்கள் வேண்டும், ஒரு படத்தை ஃபிரேம் என்பார்கள். சும்மா நிற்க 4 ஃபிரேம், நடக்க 8, மூட்டையோடு நடக்க 8, மூட்டையை இறக்க 6, தடுக்கி விழ 4. ஆக 30. மேலிருந்து பார்க்கும் கேம் என்றால் நான்கு திசைக்கும் வேண்டும், 120 ஆகிவிடும். இடப்பக்கம் நடப்பதைத் திருப்பிப் போட்டு வலப்பக்கமாக்கினால் 90. அப்படித் திருப்பும்போது இடது தோளில் இருந்த மூட்டை வலது தோளுக்குத் தாவிவிடும்தான். விளையாடுகிறவர் கண்டுகொள்ள மாட்டார், தயங்காமல் திருப்புங்கள். முப்பது படத்தின் காசு மிச்சம். இந்தக் கணக்கை எக்செலில் போட்டு எடுத்துக்கொண்டு போனால் ஓவியரும் சரியான விலை சொல்வார்.

பொத்தான், அம்புக்குறி மாதிரிச் சாமான்களுக்குக் காசு செலவழிக்காதீர்கள். கென்னி என்ற தளத்தில் வணிகத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய படங்கள் நிறையக் கிடக்கின்றன. புறக்கோட்டை கெய்சர் தெருக் கடைகளுக்கு ஆறேழு கதவு, நாலு பெயர்ப்பலகை, இரண்டு தள்ளுவண்டி வரைவித்து மாற்றி மாற்றி அடுக்கினால் போதும். கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் போடுவதாக இருந்தால் 100 டொலர் கட்டணம், அப்புறம் கடைப்பக்கத்துக்கான முகப்புப் படம். அந்த ஒரு படத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், அதைப் பார்த்துத்தான் ஆட்கள் உள்ளே வருவார்கள். 60,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். கட்டாயம் ஏதாவது விட்டுப்போயிருக்கும்.

ஆளைத் தேடும்போது அழகான போஸ்டர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அசையும் படம் செய்திருக்கிறாரா என்று பாருங்கள், அது வேறு கைப்பழக்கம். மனதுக்குப் பிடித்த இரண்டு பேரிடம் எட்டு ஃபிரேம் நடையை மட்டும் காசு கொடுத்துச் செய்விக்கலாம். இலவசமாக 'சாம்பிள்' கேட்டால் நல்லவர்கள் பதிலே போட மாட்டார்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தாலும் போதும், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஃப்ரீலான்ஸ்காரர் வரைந்தது அவர் எழுதிக் கையெழுத்திட்டு மாற்றித் தராதவரை அவருடையதுதான். நீங்கள் காசு கொடுத்தது அதை மாற்றாது. எத்தனை தடவை திருத்தம் (நான் இரண்டு என்று போடுவேன்), எந்தக் கட்டத்தில் எவ்வளவு காசு, சட்டை, மூட்டை எல்லாம் தனித்தனி அடுக்காக இருக்கும் (லேயர் பிரித்த) மூலக் கோப்பு தருவாரா என்பதையும் எழுதுங்கள். நான் ஒருமுறை இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிட்டேன். எல்லா அடுக்கும் ஒன்றாக ஒட்டிப்போன பிஎன்ஜி படக் கோப்பாக வந்தது. சட்டையின் நிறத்தை மாற்ற நாற்பது படங்களை மறுபடி வரைவிக்க நேர்ந்தது.

விலை ரூபாயிலா டொலரிலா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். உள்ளூர் ஓவியர் என்றால் ரூபாயே நல்லது.

முதல் நடை கைக்கு வந்ததும் கேமுக்குள் போட்டு, கேமில் உள்ள தெருவில் நாட்டாமையை நடக்கவிட்டுப் பாருங்கள். அளவும் நிறமும் பொருந்தினால் மட்டும் மீதிக்குச் சொல்லுங்கள்.