ஆன்டிவைரஸ் போட்டதும் எழுந்திருக்காத லேப்டாப்: மும்பையிலிருந்து சில கேள்விகள்

லேமிங்டன் ரோடு பக்கம் லேப்டாப் பழுது பார்ப்பவன் நான். நம்மவர்கள் அடிக்கடி கேட்பதற்கான பதில்கள் இவை.

தாராவியிலிருந்து, தோல் பை வியாபாரி: அண்ணாச்சி, நேற்று ராத்திரி புது ஆன்டிவைரஸ் போட்டேன். ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன். அதிலிருந்து லோகோவும் சுற்றுகிற புள்ளிகளும்தான், உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. கடையில் ஃபார்மட் அடிக்க வேண்டும் என்கிறார்கள். ஜிஎஸ்டி பில் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஃபார்மட்டுக்கு இப்போதைக்குத் தலையாட்டாதீர்கள் தம்பி. பில் எல்லாம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். லோகோ வந்து புள்ளியும் சுற்றுகிறது என்றால், விண்டோஸ் ஏறுகிற வழியில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது. வைரஸுக்கு முன்னால் தான் போய் நிற்க வேண்டும் என்பதால் ஆன்டிவைரஸின் டிரைவர், அதாவது விண்டோஸோடு சேர்ந்தே ஏறுகிற அதன் சின்ன புரோகிராம், விண்டோஸின் அடிமட்டமான கெர்னல் வரைக்கும் இறங்கி உட்காரும். மற்ற சாஃப்ட்வேர் கெட்டால் அது மட்டும் மூடிக்கொள்ளும். இது கெட்டால் விண்டோஸே நின்றுவிடும்.

பழைய ஹார்டு டிஸ்க் மெஷினாக இருந்தால் முதலில் அரை மணி நேரம் சும்மா விட்டுப் பாருங்கள். அப்புறமும் அப்படியே இருந்தால், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி போட்டு, புள்ளி சுற்றத் தொடங்கியதும் அதேபோல் அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் விண்டோஸே சந்தேகப்பட்டு நீல நிற ரிப்பேர் திரைக்குப் போகும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதுதான் வழி. பழைய எஃப்8 வித்தை இவற்றில் சாதாரணமாக எடுபடாது.

அந்தத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போனால் சிஸ்டம் ரீஸ்டோர் இருக்கும். நேற்றைக்கு முந்தைய தேதியில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட், அதாவது விண்டோஸ் சேமித்துவைத்த பழைய நிலை, இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். உங்கள் பில்களைத் தொடாது, அதற்குப் பிறகு போட்ட சாஃப்ட்வேரையும் டிரைவரையும் கழற்றும். என் கை முதலில் போவது இதற்குத்தான்.

ரீஸ்டோர் பாயின்ட் இல்லையென்றால் அதே இடத்தில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். வருகிற பட்டியலில் 4 அழுத்தினால் சேஃப் மோடு, அதாவது அவசியமானது மட்டும் ஏறுகிற விண்டோஸ். திரை கறுப்பாகி நான்கு மூலையிலும் சேஃப் மோடு என்று எழுதியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. ஆன்டிவைரஸை அங்கிருந்து நீக்குங்கள். சிலது நகராது, ஏனென்றால் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை சேஃப் மோடில் ஓடுவதில்லை. முக்கால்வாசி ஆன்டிவைரஸ் கம்பெனிகள் இதற்கென்றே தனி ரிமூவல் டூல் வைத்திருக்கின்றன. வேறு கம்ப்யூட்டரில் அந்தக் கம்பெனியின் சொந்த தளத்திலிருந்து மட்டும் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து ஓட்டுங்கள்.

அவரே மறுபடி: 4 அழுத்தினாலும் தொங்குகிறதே அண்ணாச்சி?

அதே பட்டியலில் 8 அழுத்துங்கள். முதலிலேயே ஏறுகிற ஆன்டிவைரஸ் டிரைவரை அந்த ஒரு தடவைக்கு மட்டும் நிறுத்திவைக்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் பழைய கதைதான், அதனால் உள்ளே போன சூட்டோடு நீக்கிவிடுங்கள்.

செம்பூரிலிருந்து, கல்லூரி மாணவி: அண்ணா, சேஃப் மோடு போகப் போனால் 48 இலக்க கீ கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போடவில்லையே!

நீ போடவில்லை, விண்டோஸ் தானே போட்டுக்கொண்டதும்மா. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய புது லேப்டாப்கள் பலவற்றில் பிட்லாக்கர் வகைப் பூட்டு, அதாவது கீ இல்லாமல் டிஸ்க்கைப் படிக்க முடியாதபடி செய்வது, தானாக விழும். கீ உன் கணக்கிலேயே சேமித்திருக்கும். போனில் அதே கணக்கில் நுழைந்து, டிவைஸ் பகுதியில் ரெக்கவரி கீ என்று தேடு. லேப்டாப் திரையில் ஒரு கீ ஐடி தெரியும், அதன் முதல் 8 எழுத்துகள் ஒத்துப்போகிற கீதான் உன்னுடையது. வீட்டில் வேறு யாருடைய கணக்கிலாவது முதலில் தொடங்கியிருந்தால் அதையும் பார்.

கீ எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் உள்ளே இருப்பது போனதுதான். காசு கொடுத்தால் உடைத்துத் தருகிறேன் என்பவரிடம் லேப்டாப்பைக் கொடுக்காதே.

முலுண்டிலிருந்து, ஓய்வுபெற்றவர்: ஆன்டிவைரஸ் போட்ட மறுநாள் லைட்டே எரியவில்லை. அதுதான் காரணமா?

இல்லை சார். லோகோகூட வராத லேப்டாப்பில் விண்டோஸ் இன்னும் தொடங்கவே இல்லை, ஆன்டிவைரஸுக்கு அங்கே வேலை கிடையாது. சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடித்துவிட்டு, திரும்பச் சார்ஜர் போட்டுப் பாருங்கள். மழையில் லோக்கலில் வந்த லேப்டாப் என்றால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஈரத்தோடு மின்சாரம் ஏற்றினால் போர்டு போய்விடும். நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

மாட்டுங்காவிலிருந்து, இல்லத்தரசி: ஏற்கெனவே ஒன்று இருந்தது. இரண்டு இருந்தால் கூடுதல் பாதுகாப்புதானே என்று இன்னொன்றும் போட்டேன்.

ஒரே வாசலில் இரண்டு வாட்ச்மேன் வைத்து, ஒவ்வொருவரையும் மற்றவர் சோதனை போடச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது அக்கா. நீங்கள் திறக்கிற ஒவ்வொரு ஃபைலையும் இரண்டும் மறித்துப் பார்க்கும். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர், வேறு ஆன்டிவைரஸ் வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வாங்கிய இரண்டு ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காது. இரண்டையும் எடுத்துவிட்டு டிஃபெண்டரையே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் கட்சி.

பவாயிலிருந்து, ஐடி ஊழியர்: 2024இல் விமான நிலையமெல்லாம் நின்றதே, அதுவும் இதே கோளாறா?

இதே ஜாதிதான். 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு கம்பெனி தன் சாஃப்ட்வேருக்கு அனுப்பிய ஒரு அப்டேட்டில் பிழை. நம் நேரப்படி காலை 9.39க்கு வெளியானதை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் பாதிக்கப்பட்டன என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. இங்கே விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். விழுந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்குத் திருத்தம் தானாகப் போய்ச் சேரவில்லை. ஒவ்வொன்றாக சேஃப் மோடில் ஏற்றி, ஒரே ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. அங்கேயும் பிட்லாக்கர் கீ தேடித்தான் பல ஆபீஸ்களில் நாள் போனது.

அந்தேரியிலிருந்து: விண்டோஸ் எக்கேடோ கெடட்டும், குழந்தையின் போட்டோ மட்டும் வேண்டும்.

மேலே சொன்ன ரிப்பேர் திரையில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் இருக்கும் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் நோட்பேட் என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். நோட்பேடில் ஃபைல், ஓப்பன் போய், கீழே ஆல் ஃபைல்ஸ் தேர்ந்தெடுத்தால் அந்தச் சின்ன ஜன்னலிலேயே மொத்த டிஸ்க்கும் தெரியும். சி டிரைவ் அங்கே டி என்று பெயர் மாறியிருக்கலாம், பயப்படாதீர்கள். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருப்பதை ரைட் கிளிக் செய்து காப்பி, பென்டிரைவில் பேஸ்ட். எவ்வளவு ஆனது என்று காட்டாது, உறைந்துபோன மாதிரி நிற்கும். பென்டிரைவைப் பிடுங்கிவிடாமல் காத்திருங்கள். முடிந்ததும் பென்டிரைவை வேறு கம்ப்யூட்டரில் போட்டு, நாலு போட்டோவாவது திறந்து பார்த்துவிட்டு அப்புறம் ஃபார்மட் அடியுங்கள்.